வரவுப் பக்கம்

யஷ்வந்த்பூர் யார்டில் மூன்றாவது வரிசை,
வேப்பமரத்தடி வண்டி என்னுடையது.
என்னுடையது என்றால்
பின் டயர் நாலும், தார்ப்பாயும், ஹாரனும்.
மீதி ஃபைனான்ஸ்காரருடையது,
இன்னும் இருபத்தாறு தவணை.

குடகில் மலை இறங்கிவிட்டது என்று
டி.வி.யில் சொன்ன ராத்திரி
புக்கிங் ஆபீஸ் குருமூர்த்தி கூப்பிட்டார்.
"மடிக்கேரி லோடு. ரெட்டை வாடகை. போறியா?"
பெரிய கம்பெனிகள் போகாது.
அவர்களுக்கு முப்பது வண்டி, முப்பது யோசனை.
எனக்கு ஒன்றுதான்.
போறேன் என்று சொல்லிவிட்டுத்தான்
இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பார்த்தேன்.
பொடி எழுத்து. கண்ணாடி வீட்டில்.

ஒயிட்ஃபீல்டில் பதினெட்டு மாடிக்குக் கீழே
பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள்:
அரிசி, பிஸ்கட், தண்ணீர் கேன்,
நாப்கின், கொசுவத்தி,
யாரோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு,
ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ.
அதையும் ஏற்றினேன்.
வாடகை எடைக்குத்தான், அறிவுக்கு இல்லை.

முன்னால் ஒரு பேனர் கட்டினார்கள்.
அந்தத் துணிக்கு இருக்கும் மரியாதை!
நைஸ் ரோட்டில் டோல் கேட்கவில்லை.
பிடதியில் எப்போதும் நீளும் காக்கிக் கை
சல்யூட்டுக்கு உயர்ந்தது.
பத்தொன்பது வருஷத்தில்
எனக்கென்று யாரும் ஒதுங்கி நின்றதில்லை.
ஹுன்சூர் வரைக்கும்
கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

குஷால்நகருக்கு மேலே ரோடு பாதிதான்.
மறுபாதி பள்ளத்தில், காப்பிச் செடிகளோடு.
கிளீனர் இம்தியாஸ் டார்ச்சோடு முன்னே நடந்தான்.
ஒன்பது டன்.
இடப்பக்கச் சக்கரம் ஏறியதும்
மண் "ம்" என்றது.
கடன் கேட்கப் போன இடத்தில்
சரி என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல்
ஒரு "ம்" சொல்வார்களே,
அது.

கேம்ப்பில் இரண்டு நாள் இறக்க ஆள் இல்லை.
ஆள் இருந்தது,
கையெழுத்துப் போடும் ஆள் இல்லை.
ஹால்டிங் சார்ஜ் என்று வாய் வரை வந்தது.
பள்ளிக்கூட வராந்தாவில்
நனைந்த பாயில் படுத்திருந்தவர்களைப் பார்த்து
விழுங்கிக்கொண்டேன்.
இம்தியாஸின் பேட்டாவை விழுங்க முடியாது;
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
அந்த ஸ்கேட்டிங் ஷூவை ஒரு பையன் மாட்டிக்கொண்டான்,
ஒற்றைக் காலில் வராந்தாவை மூன்று சுற்று.
அறிவு என்று ஏதோ சொன்னேனே,
வாபஸ்.

திரும்பும் லோடு கிடையாது.
அங்கே ஏற்ற என்ன இருக்கிறது?
எஸ்டேட் லைன் வீட்டு அம்மா ஒருத்தி
ஈஜிபுராவில் தங்கச்சி இருக்கிறாள் என்று ஏறினாள்.
பேர் தங்கபுஷ்பம்.
கையில் ஒரு குக்கர், மூடி இல்லை.
வழியெல்லாம் பேச்சே கிடையாது.
ராமநகரத்தில் டீ வாங்கித் தந்தேன்;
குக்கரை மடியிலிருந்து இறக்காமலே குடித்தாள்.
கெங்கேரியில் இறங்கும்போது
ஐம்பது ரூபாய் நீட்டினாள்,
ஈரத்தில் ஒட்டி உலர்ந்த நோட்டு.
வேணாம்மா என்றேன்.
"எட்டு நாளா எல்லாம் சும்மாவே வருது.
இதுக்காச்சும் வாங்கிக்கோ" என்றாள்.

இன்று இருபத்து மூன்றாம் நாள்.
போன் செய்தால் "ப்ராசஸில் இருக்கு அண்ணா."
நல்ல பிள்ளைகள். பொய் சொல்ல வராது,
அதனால் அதையே சொல்கிறார்கள்.
டீசல், பேட்டா, ஒடிந்த பட்டை இரண்டு:
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
நோட்டில் வரவுப் பக்கம் ஒரே வரி.
தங்கபுஷ்பம், மடிக்கேரி – கெங்கேரி, 50.

பேனர் சீட்டுக்குப் பின்னால் மடித்துக் கிடக்கிறது.
"அதைக் கட்டிக்கிட்டே சிமெண்ட் அடிக்கலாம்,
டோல் மிச்சம்" என்றான் இம்தியாஸ்.
திட்டினேன்.
திட்டிவிட்டு நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

குருமூர்த்தி மறுபடி கூப்பிடுகிறார்.
வடக்கே ஏரி உடைந்துவிட்டதாம்.
ரெட்டை வாடகை, போறியா?

"ம்" என்கிறேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல்
இம்தியாஸ் டயர்களைத் தட்டிப் பார்க்கப் போகிறான்.